மலையின் பெயரில் ஒரு தேநீர்

பிரான்ஸில் ரோன் ஆற்றங்கரையில் ஷாத்தோ கிரியே என்றொரு வெள்ளை ஒயின் உண்டு. இனிப்பில்லாதது, வியோனியே என்ற ஒரே திராட்சையில் செய்வது. அது விளையும் நிலம் நான்கு ஹெக்டேருக்கும் குறைவு. செங்குத்தான பாறைச் சரிவில் கல்லடுக்கிக் கட்டிய படிகளில் கையால்தான் வேலை. 1936இல் அந்தச் சரிவுக்கென்றே தனிப் பெயருரிமை வழங்கினார்கள். பக்கத்து மலையில் அதே திராட்சை விளைந்தாலும் அந்தப் பெயரைச் சூட்ட முடியாது. மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள திரிங்காப்பைச் சூழ்ந்த நம் மலைத் தேயிலைக்கும் இந்த மரியாதை தகும் என்பதே என் வாதம்.

1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் இந்த மலைப்பகுதியில் ‘போ’ என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தமிழ்த் தொழிலாளர் உழைப்பில் இந்தச் சரிவுகளில் தேயிலை வேரூன்றியது. மலைக்குளிரில் கொழுந்து மெதுவாக வளர்கிறது. அதனால் மணம் செறிகிறது. வாட்டிய இலையை உருட்டு இயந்திரம் கசக்கும்போது சாறு கசிந்து, காற்றுப் பட்டுப் பச்சை மாறிச் செம்பு நிறம் ஏறுகிறது. சற்று முந்தி உலர்த்தினால் பச்சை வாடை நிற்கும். பிந்தினால் உயிர்ப்புப் போய்விடும். அந்தப் பக்குவத்தை அறிந்த கண்ணும் மூக்கும் மண்ணைப் போலவே இந்த இடத்தின் செல்வம்.

டார்ஜிலிங்கின் மணம் இதில் இல்லையே என்பார்கள். உண்மைதான். அங்கே குளிர்காலத்தில் செடி உறங்குகிறது. வசந்தத்தில் வரும் முதல் கொழுந்துக்குத் தனி வாசனை. இங்கே ஆண்டு முழுவதும் மழை, ஆண்டு முழுவதும் பறிப்பு. ஆகவே நம் தேயிலையின் குணம் சீரான, மென்மையான சுவை. இன்னொன்றின் அளவுகோலால் அளந்து இதைக் குறைசொல்வது முறையல்ல. பாலும் சீனியும் கலந்து தே தாரிக் ஆக்கிய பின் ஊர்ச்சுவை எங்கே தெரியும் என்ற கேள்வியும் நியாயமானதே. தே தாரிக்குக்குக் கடுஞ்சாயம் தரும் தூள் போதும்; அதற்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் தரமான இலையை வெந்நீரில் மட்டும் ஊறவிட்டுக் குடித்துப் பார்த்த பிறகே அதற்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

பெயர் உயர்ந்தால் லாபம் முதலாளிக்குத்தானே, கொழுந்து பறிப்பவருக்கு என்ன என்பதுதான் கனமான ஆட்சேபம். வெறும் பெயரால் கூலி உயராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆள் பற்றாக்குறையால் இயந்திரப் பறிப்பு பரவிவிட்ட காலம் இது. எடைதான் கணக்கு என்றால் கைத்திறனுக்கு விலையில்லை. இரண்டு இலையும் ஒரு மொட்டும் என்ற பறிப்புத் தரத்தைப் பெயருரிமையின் விதியாகவே எழுதி வைத்தால், அந்தத் திறமை இல்லாமல் அந்தப் பெயரே இல்லை என்றாகும். கூலி பேசும்போது தொழிலாளிக்கு அது பிடிமானம். சரவாக் மிளகு புவிசார் குறியீடு பெற்ற நாடு இது, வழி புதிதல்ல. விளைந்த தோட்டமும் பறித்த விதமும் தேயிலை உறையில் அச்சாக வேண்டும். வாங்கும் நாமும் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.