எதிரொலி கேட்டால் பேச்சை நிறுத்தாதீங்க

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சேமிப்பு, கடன் பற்றி எல்லோரும் பேசிட்டாங்க. நான் பேச வந்தது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் நம்மில் பலரைப் பேசவிடாமல் செய்கிற விஷயம். போன் கூட்டத்தில் கேட்கிற எதிரொலியைத்தான் சொல்றேன்.

கடன் விவரம், பயிற்சி, ஆர்டர் பேச்சு என்று பல வேலைகள் இப்போது வாட்ஸ்அப் காலிலும் கூகுள் மீட்டிலும் நடக்குது. ஒரு அக்கா பேச ஆரம்பிப்பாங்க. சொன்ன வார்த்தையே கொஞ்சம் பிந்தி அவங்க காதில் விழும். நாக்கு தடுமாறும். "என் போன் சரியில்லைங்க, நீங்களே பேசுங்க" என்று ஒதுங்கிடுவாங்க. குழுவுக்காகக் கேட்க வேண்டிய கேள்வி கேட்காமலே போயிடும்.

சகோதரிகளே, ஒன்றை மனசில் வையுங்க. உங்க குரல் உங்களுக்கே திரும்பக் கேட்டால், பெரும்பாலும் கோளாறு உங்க போனில் இல்லை, எதிர்ப்பக்கம் இருக்கு. உங்க பேச்சு அவங்க ஸ்பீக்கரில் வெளியே வந்து, அவங்க மைக்கிலேயே புகுந்து உங்களிடம் திரும்புது. அவங்களுக்கு அது கேட்கவே கேட்காது.

இது பழைய தொல்லைதான். செயற்கைக்கோள் வழியாகத் தொலைபேசி வந்தபோது, குரல் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரம் போய் இறங்கணும். அதனால் எதிரொலி பெரிய தலைவலியாச்சு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் படித்த மன்மோகன் சோந்தி, அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது 1967-ல் இதற்கு ஒரு வழியை எழுதினார். போகிற குரலை வைத்து, திரும்பி வரும் பங்கு எவ்வளவு என்று கணக்கிட்டுக் கழித்துவிடுவது. நம்ம போனுக்குள்ளும் இந்தக் கழித்தல் கணக்குதான் ஓடுது. ஸ்பீக்கர் சத்தம் மிஞ்சினால் அந்தக் கணக்கும் தவறும்.

சரி, என்ன செய்யணும்?

ஒவ்வொருத்தராக மைக்கை அணைத்துப் பாருங்க. யார் அணைத்ததும் எதிரொலி நிற்குதோ, அங்கேதான் காரணம். அவங்க ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்கட்டும், இல்லை போனைக் காதில் வைத்துப் பேசட்டும். இயர்போன் இருந்தால் இன்னும் நல்லது.

ஒரே அறையில் நாலு பேர் நாலு போனில் சேராதீங்க. ஒன்று போதும். மற்ற போன்களில் மைக்கை மட்டும் அணைத்தால் பத்தாது. அந்த ஸ்பீக்கர் சத்தம் பக்கத்துப் போன் மைக்கில் விழும். ரெண்டையும் அணைக்கணும்.

தகரக் கூரை, வெறும் சுவர் உள்ள அறையில் குரல் முழங்கும். அது சுவரில் பட்டு வருகிற வேறு எதிரொலி. அதற்கு மருந்து நம்ம ஊரிலேயே இருக்கு. பனியன் துணி அடுக்கி வைத்த அறையில் உட்கார்ந்து பேசுங்க, துணி சத்தத்தை உறிஞ்சிக்கும். ஓவர்லாக், பவர் டேபிள் ஓடுகிற இடமா? உங்க முறை வரும் வரை மைக்கை அணைத்து வையுங்க.

அப்பவும் சரியாகலைன்னா, கட் பண்ணிட்டு மறுபடி சேருங்க.

கூட்டம் நடத்துகிறவங்களுக்கும் ஒரு வேண்டுகோள். எதிரொலி வந்தால், பேசுகிற அக்காவை நிறுத்தச் சொல்லாதீங்க. மற்றவங்க மைக்கை அணைக்கச் சொல்லுங்க. கடன் கட்டுகிறவங்க குரல் கூட்டத்தில் கேட்கணும்.