நோட்டீஸில் இருப்பது விலை, கையை விட்டுப் போவது செலவு

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பொருளாளர் ஆற்றிய உரை)



வரவு செலவு அறிக்கை மலரில் தனியாக இருக்கிறது. நான் வேறொரு கணக்கைப் பேச வந்திருக்கேன். கறவை மாடு, தையல் மெஷின், பிள்ளைங்க படிப்புன்னு உள்கடன் கேட்ட நம்ம குழுக்களில் இப்போ வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிற ஆபரேஷனுக்கும் கடன் கேட்கிறாங்க. லைப்போசக்‌ஷன்னு சொல்றாங்களே, அதுதான். கேட்டதும் சிலர் சிரிக்கிறாங்க. சிரிக்க ஒண்ணுமில்லை. உடம்பு அவங்களோடது, ஆசையும் அவங்களோடது. ஆனா கடன் நம்ம எல்லாருடைய சேமிப்பு. அதனால முழுக் கணக்கும் தெரியணும்.

நோட்டீஸில் ஒரு தொகை போட்டு, பக்கத்தில் "முதல்"னு சின்னதா எழுதியிருப்பாங்க. அது பெரும்பாலும் உடம்பில் ஒரு இடத்துக்கு மட்டும். வயிறு ஒரு கணக்கு, இடுப்பு ஒரு கணக்கு, தொடை வேற கணக்கு. மயக்க மருந்து டாக்டர், தியேட்டர் வாடகை, ரத்தப் பரிசோதனை, மாத்திரை, அப்புறம் சில வாரம் போட வேண்டிய இறுக்கமான உடை, இதெல்லாம் அந்தத் தொகையில் சேருமான்னு கேட்டால்தான் தெரியும்.

சாதாரண வைத்தியத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. அழகுக்காகச் செய்யும் ஆபரேஷனுக்கு 18 சதவீதம் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் இதுக்குச் செல்லாது, தனியார் மருத்துவக் காப்பீடும் பொதுவாகத் தராது.

ஒரு பேச்சுக்கு ஒரு லட்சம்னு வைப்போம். வரியோடு 1,18,000. நூத்துக்கு ரெண்டு ரூபாய் வட்டியில், அசல் குறையக் குறைய வட்டியும் குறையும்படி 24 மாதத் தவணை போட்டால் மாதம் சுமார் 6,240 ரூபாய். மொத்தம் கிட்டத்தட்ட ஒன்றரை லட்சம். வேலைக்குப் போகாத நாட்களின் கூலி இதில் சேரலை. குடம் தூக்குறது, களை எடுக்கிறது மாதிரி பாரமான வேலைக்குச் சில வாரம் போக முடியாது.

இவ்வளவு கொடுத்து என்ன கிடைக்கும்? இது உடல் எடையைக் குறைக்கும் வைத்தியம் இல்லை. சர்க்கரையும் பிரஷரும் இதனால் சரியாகிவிடாது. தொங்கிப்போன தோலை இது இறுக்காது. மறுபடி எடை கூடினால் மிச்சமிருக்கிற கொழுப்பு பெருக்கும். ரத்தக்கட்டு, கிருமித்தொற்று, கொழுப்பு நுரையீரலுக்குப் போய் அடைக்கிறது போன்ற ஆபத்துகளும் உண்டு. அபூர்வம்தான், ஆனா உயிருக்கே ஆபத்தாகலாம்.

எங்க குழுச் சகோதரி ஒருத்தருக்கு ரெண்டு பிரசவத்துக்குப் பிறகும் வயிறு இறங்கலை. பஸ்ஸில் "எத்தனை மாசம்?"னு கேட்கிறாங்கன்னு அழுதாங்க. கடனுக்கு முன்னாடி டாக்டரைப் பாருங்கன்னு அனுப்பினோம். கர்ப்பத்தில் வயிற்றுத் தசை நடுவில் விலகியிருக்கு, கொழுப்பை மட்டும் எடுத்தால் வயிறு உள்ளே போகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்காங்க. கடன் மனுவை அவங்களே திரும்ப வாங்கிட்டாங்க.

யாரையும் தடுக்கணும்னு நான் சொல்லலை. போறவங்க இந்த ஐந்தையும் கேட்டுட்டுப் போங்க:

1. எல்லாம் சேர்த்து, வரியோடு எவ்வளவு? எழுத்தில் தருவீங்களா?
2. கத்தி வைக்கும் டாக்டர் பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா? பதிவு எண் என்ன?
3. மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பாரா?
4. நடுவில் சிக்கல் வந்தால் எங்கே சேர்ப்பீங்க? அந்தச் செலவு யாருடையது?
5. சரியாக வராமல் திரும்பச் செய்யணும்னா மறுபடி பணம் கட்டணுமா?

பதில் வாய்ச்சொல்லா மட்டும் வந்தா, அட்வான்ஸ் கட்டாம எழுந்து வந்துடுங்க.

அழகு ஆபரேஷனுக்கு உள்கடன் கேட்டால், எழுத்திலான செலவு விவரத்தைக் கூட்டத்தில் வாசித்த பிறகே கடன் என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.