வேலை நின்றது, நடையும் நிற்கலாமா?



விடியுமுன் பெரட்டுக்குப் போய், நிரை நிரையாகப் பால்மரம் சீவியவருக்கு உடற்பயிற்சியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் வம்பு. நடை நின்றுவிடுகிறது, தட்டில் சோறு மட்டும் குறைவதில்லை. இனிப்பு நீர் வர அதுவே வழியாகிறது.

வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் விறுவிறுப்பாக நடக்கச் சொல்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலைக்க வேண்டாம். ஐந்து நாள், நாளுக்கு 30 நிமிடம். அதையும் பத்துப் பத்தாகப் பிரித்துக்கொள்ளலாம். பக்கத்துக் கடைக்கு மோட்டார் சைக்கிள் எதற்கு? இரவுச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் சாயாமல் லயத்தைச் சுற்றி வாருங்கள். வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். பாட்டி வாசல் கூட்டுவதும் நல்லதே. மருமகள் விளக்குமாற்றைப் பிடுங்க வேண்டாம்!

இனிப்பு நீர் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. முள் குத்தினாலும் தெரியாமல் போகலாம். வீடு திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள்.