வழிநூல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இழைக்கும் ஏட்டுக்கும் 'நூல்' என்பதே தமிழில் பெயர் என்ற செய்தியை இவ்வவையில் எடுத்துரைக்க வேண்டியதில்லை. மேடைதோறும் சொல்லிச் சொல்லி நைந்துபோன செய்தி அது. நன்னூலின் பொதுப்பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், செய்யுளை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்திருப்பதும் தமிழ் பயின்றோர் அனைவரும் அறிந்ததே. ஆயினும் அவ்வுருவகத்தில் பஞ்சு புதியது. காய் வெடித்து, கொட்டை நீக்கி, வில்லால் அடித்த பஞ்சு. ஒருமுறை நெய்து, உடுத்து, துவைத்து, கிழிந்துபோன துணியிலிருந்து இரண்டாம் முறையாக நூல் எடுக்க இயலும் என்பது பவணந்தியாரின் உருவக எல்லைக்குள் வரவில்லை. அந்த இரண்டாம் நூலே இவ்வுரையின் பொருள்.

ஆடைக்குத் தமிழர் இட்ட பெயர்களை முதலில் நோக்கலாம். அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி, துண்டிக்கப்படுவது துண்டு. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று துணி வணிகத்தைத் தம் பெயரிலேயே தாங்கிய புலவர் ஒருவர் சங்கத் தொகைகளில் உள்ளார். தறியிலிருந்து வெட்டி எடுக்கும்போதே ஆடைக்குப் பெயர் பிறக்கிறது என்றால், வெட்டு என்பது துணிக்கு முடிவாகாது, தொடக்கமே எனலாம். சப்பானியர் இதையே வேறொரு முனையிலிருந்து கண்டனர். பருத்தி விளையாத வடபுலக் குளிர்நாட்டிற்குத் தென்பகுதியிலிருந்து கப்பலில் வந்த பழந்துணிகளைப் பட்டைகளாகக் கிழித்து, அவற்றை ஊடையாகக் கொடுத்து அவ்வூர்ப் பெண்டிர் தடித்த ஆடை நெய்தனர். அதற்குச் 'சாகிஓரி' என்று பெயர். 'கிழித்து நெய்தல்' என்பதே அச்சொல்லின் பொருள். வங்காளத்தில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் 'காந்தா'வுக்கு வேண்டிய வண்ண நூலை அச்சேலைகளின் கரையிலிருந்தே உருவி எடுப்பது பழைய வழக்கம். நம் 'கந்தை'யும் அவர்களின் 'காந்தா'வும் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். அங்கே அது கலையின் பெயராயிற்று. இங்கே ஏழைமையின் பெயராகவே நின்றுவிட்டது.

நம் இலக்கியத்திலும் கந்தைக்கு இடம் உண்டு. ஆனால் எத்தகைய இடம் என்பதே வினா. பொருநராற்றுப்படையில் வறிய பொருநன் உடுத்திருந்த சிதார் பேன் பிடித்தது, வியர்வையில் நனைந்தது, வேறு வேறு இழைகள் ஊடே ஓடித் தைக்கப்பட்டது. கரிகாலன் அதைக் களைந்துவிட்டு, நெய்த இழை கண்ணுக்குப் புலப்படாத மெல்லாடையை உடுத்துகிறான். புலவர் அத்துடன் அடுத்த காட்சிக்குச் சென்றுவிடுகிறார். களைந்த சிதார் என்னவாயிற்று என்று கேட்டவர் இல்லை. வேற்றிழை கொண்டு அதைத் தைத்த கை எவருடையது என்றும் கேட்டவர் இல்லை. பொருநனின் இல்லத்தில் ஒரு பெண் இருந்திருக்க வேண்டும். பாட்டில் அவள் ஊசி மட்டுமே எஞ்சியிருக்கிறது.

அரண்மனையில் கேட்கப்படாத இவ்வினாவுக்கு வீடுகள் நெடுங்காலமாக விடை சொல்லி வந்துள்ளன. நைந்த பருத்திச் சேலை முதலில் தூளியாகும். பிறந்த குழந்தையைக் கிடத்துவதும் புதுத்துணியில் அன்று, பலமுறை துவைத்து மென்மையான பழந்துணியில்தான். பின்னர் அது அடுப்படிக்குச் சென்று கைப்பிடித் துணியாகும். வேட்டியின் கிழிசல் விளக்குக்குத் திரியாகும். அரிசி மூட்டையின் வாயைக் கட்டும் கயிறாகும். எஞ்சியது பாத்திரக்காரரின் கூடைக்குப் போய், ஒரு கிண்ணமாகவோ வாளியாகவோ திரும்பி வரும். அந்த வாணிபத்தில் பேரம் பேசிப் பழகிய பெண்களுக்குத் துணியின் எடையும் தரமும் கைத்தொடுகையிலேயே தெரியும். போகியன்று எரிப்பதற்கு அவர்கள் வீட்டில் உண்மையில் மிகச் சிறிதே எஞ்சியிருக்கும். இன்று எரிபவற்றுள் பாலியஸ்டரே மிகுதி, நாறுவதும் அதுவே.

இனி, கந்தை நூலாகும் வகை. கவிஞர்கள் உவமையை விரும்புவார்கள், செய்முறையைப் பொறுத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கையில் சற்று விரிவாகவே கூறலாம்.

பருத்திச் சேலை பாவின் போக்கில், அதாவது நீளவாட்டில், நேராகக் கிழியும். கத்தரியால் ஒரு சிறு வெட்டுக் கொடுத்தால் போதும். எஞ்சியதைக் கைகளே செய்துகொள்ளும். கரை மட்டும் நெருக்கமாக நெய்யப்பட்டிருப்பதால் முரண்டு பிடிக்கும். அதைத் தனியே வெட்டி எடுக்க வேண்டும். 45 அங்குல அகலமும் ஐந்தரை மீட்டர் நீளமும் உள்ள ஒரு சேலையை ஓர் அங்குலப் பட்டைகளாகக் கிழித்தால், சேலை ஒன்றிலிருந்து ஏறத்தாழ 240 மீட்டர் நீளப் பட்டை கிடைக்கிறது. ஒவ்வொரு பட்டையின் முனையிலும் பொத்தான்துளை போன்று ஒரு சிறு கீறல் இட்டு, ஒன்றின் கீறலுக்குள் மற்றொன்றை நுழைத்து, அதன் வாலை அதன் கீறலுக்குள்ளேயே இழுத்துவிட்டால் இணைப்பு இறுகிக்கொள்ளும், ஊசி வேண்டாம். இணைப்பே வேண்டாம் என்பவர்கள் முந்தி வரை முற்றிலும் கிழிக்காமல் ஓர் அங்குலம் விட்டுவிட்டு, அடுத்த பட்டையை எதிர்முனையிலிருந்து தொடங்குகிறார்கள். சேலை முழுதும் ஒரே பட்டையாக வளைந்து வளைந்து வரும். திரும்பும் இடந்தோறும் ஒரு முண்டு நிற்கும். அந்த முண்டைப் பின்னலின் அடிப்பக்கத்திற்குத் தள்ளுவதில்தான் கைத்திறம் தெரியும்.

திருப்பூர்ப் பனியன் துணிக்கு முறை வேறு. அது பின்னல் துணி. கைக்குக் கீழே குறுக்காக வெட்டினால் உடற்பகுதி ஒரு குழாயாக நிற்கும். அக்குழாயை ஒரு பக்க ஓரத்தில் மட்டும் சிறிது விட்டு வளையங்களாக வெட்டி, விட்ட ஓரத்தில் ஒரு வளையத்திலிருந்து அடுத்ததற்குச் சாய்வாக வெட்டிக்கொண்டே போனால் முடிவற்ற ஒரே இழை கிடைக்கும். பிறகு அதைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்த கணமே ஓரங்கள் உள்நோக்கிச் சுருண்டு, தட்டையான பட்டை உருண்ட கயிறாகிவிடும். முறுக்க இராட்டை வேண்டாம். துணி தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிறது. தடித்த குரோஷா ஊசியால் இதைக் கூடையாகவும் பையாகவும் கால்மிதியாகவும் பின்னுகிறார்கள். துவைக்காத துணியில் இவ்வேலையைத் தொடங்குவோர் தும்மியே ஓய்வர். பாலியஸ்டர் சேலை கிழிபடாது, வெட்டத்தான் வேண்டும். வெட்டிய ஓரமோ இழை இழையாகப் பிரிந்து விரல்களில் சுற்றும்.

வானூருக்கு இப்பொருள் அயலன்று. வானூர் வட்டத்தில் 1968 பிப்ரவரி 28 அன்று தொடங்கப்பெற்ற ஆரோவிலில், உமா பிரஜாபதி 1997இல் 'உபாசனா' என்னும் ஆடை வடிவமைப்பகத்தை நிறுவினார். ஆடை வெட்டும் இடத்தில் துணுக்குகள் குவியும். அவற்றைக் கூட்டிக் கொட்டுவதே எங்கும் வழக்கம். 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலைக்குப் பின்னர், கடலைப் பார்க்கவே அஞ்சிக் கரையில் முடங்கிப்போன மீனவப் பெண்களுக்கு அத்துணுக்குகளே கைவேலையாயின. 2005இல் 'சுனாமிகா' என்னும் சிறு பொம்மை பிறந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அப்பொம்மைக்கு விலை இல்லை. அது விற்கப்படுவதில்லை, கொடையாக வழங்கப்படுகிறது. செய்தவர்களுக்கான கூலி நன்கொடைகளிலிருந்து வருகிறது. பல இலட்சம் பொம்மைகள் இவ்வாறு கடல்கடந்து சென்றுள்ளன.

பொம்மை வேறு, நூல் வேறு என்று தடை எழுப்பலாம். தடை சரியே. ஆயினும் துணுக்கைத் துணுக்காகக் காணாமல் தொடக்கமாகக் காணும் கண் இரண்டிற்கும் ஒன்று. நற்றிணை, ஆண் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற நுண்ணிய நூலைக் குறிப்பிடுகிறது. துணை இழந்த பெண் இழையைப் பற்றிக்கொண்டு பிழைத்தல் இந்நிலத்தில் ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையது. ஆழிப்பேரலைக்குப் பின் இங்கு நிகழ்ந்ததைப் புதுமை என்று வியப்பதைக் காட்டிலும் அந்த நெடுவரிசையில் வைத்து நோக்குவதே தகும்.

விலையில்லாப் பொம்மையைப் பற்றி ஒரு குறிப்பும் தேவைப்படுகிறது. அங்கே பொருள் கொடையாயினும் கூலி கொடையாகவில்லை. பிற இடங்களில் நிலைமை தலைகீழ். பழந்துணி இலவசமாகக் கிடைக்கிறது, ஆகவே அதில் செய்த கூடையும் மலிவாக இருக்க வேண்டும் என்று வாங்குவோர் எதிர்பார்க்கின்றனர். துவைத்தல், உலர்த்தல், கரை நீக்கல், கிழித்தல், இணைத்தல், உருட்டல் என்று ஊசியைத் தொடுவதற்கு முன்பே ஒருநாள் கழிந்துவிடுகிறது. மூலப்பொருளுக்கு விலையில்லை என்பதால் உழைப்புக்கும் விலையில்லை என்று முடிவு செய்வது எவ்வகை அளவை என்பது தருக்கநூல் வல்லாருக்கும் விளங்காது. கண்காட்சிகளில் இத்தகைய பொருள்களைக் கையிலெடுத்து "கழிவிலிருந்து செய்ததுதானே?" என்று விலை குறைக்கக் கேட்போர் பலர். 'கழிவு' என்ற அந்த ஒரு சொல்லே பேரத்தைத் தொடங்கிவைக்கிறது. சொல்லால் நேரும் இழப்பு இது. சொல்லைத் தொழிலாகக் கொண்ட அவையில் பேச வேண்டியதும் இதனாலேயே.

எந்திரத்தின் வழி வேறு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பேட்லி என்னும் ஊரில், 1813இல் பெஞ்சமின் லா என்பவர் கம்பளிக் கந்தலைக் கிழித்து மீண்டும் பஞ்சாக்கி நூற்கும் முறையைக் கண்டார். அத்துணிக்கு 'ஷாடி' என்று பெயர். சில பத்தாண்டுகளுக்குள் ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கே 'தரங்கெட்டது' என்னும் பொருள் ஏறிவிட்டது; கந்தலுக்கு எம்மொழியிலும் இதே கதிதான் போலும். இந்தியாவில் இத்தொழிலின் தலைநகரம் அரியானாவின் பானிப்பட்டு. மேலை நாடுகள் களைந்த கம்பளி உடைகள் அங்கே வந்திறங்கி, பெண்களின் கையால் பொத்தானும் இழுவைப் பல்வரிசையும் நீக்கப்பெற்று, நிறவாரியாகப் பிரிக்கப்பெற்று, நூலாகிப் போர்வையாகும். வெள்ளத்திலும் நிலநடுக்கத்திலும் வழங்கப்படும் மலிவுப் போர்வைகள் பல அங்கே பிறந்தவை. தமிழகத்தில் கோவை, திருப்பூர் வட்டார ஓ.இ. நூற்பாலைகள் பனியன் வெட்டுத் துணுக்குகளைக் கிழித்துப் பஞ்சாக்கி நூற்கின்றன. சிவப்புத் துணுக்கைச் சிவப்போடும் நீலத்தை நீலத்தோடும் சேர்ப்பதால் மீண்டும் சாயமிட வேண்டுவதில்லை. நொய்யலாறு சாயக்கழிவால் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு இது சிறிய செய்தியன்று.

ஆனால் எந்திரப் பற்களிடை இழை குறுகிவிடுகிறது. குறுகிய இழை தனித்து நிற்காமையால் புதுப் பஞ்சோ பாலியஸ்டரோ கலக்க நேர்கிறது. எந்தத் துணியிலிருந்து வந்தது என்ற அடையாளமும் அங்கே அழிகிறது. கையால் கிழித்த பட்டையிலோ சேலையின் கட்டமும் பூவும் வரி வரியாக எஞ்சி நிற்கும். கால்மிதி ஒன்றைப் பார்த்து, "இது அத்தை நாத்து நடப் போகையில் கட்டுன சேலை" என்று ஒரு வீட்டார் சொல்ல இயல்வது அதனால்தான். இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்வது எளிதன்று. கையால் கிழித்துத் தீரக்கூடிய அளவினதன்று உலகின் பழந்துணிக் குவியல். நினைவைப் போற்றுவதற்கு ஆலை உதவாது.

இக்கைநூலுக்குப் பெயர் வேண்டும். 'கழிவு நூல்' என்பது வசை. 'மறுசுழற்சி நூல்' அரசாணையின் நடை. 'கந்தல் நூல்' உண்மையானது, ஆனால் விற்காது. நம் இலக்கண மரபோ நூலை முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று முன்பே வகுத்து வைத்திருக்கிறது. தொல்காப்பியர் வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என நான்காக்குவார். வழிநூலாசிரியன் முன்னோர் நூலின் முடிபை ஒத்து, தான் வேண்டும் வேறுபாடுகளையும் சேர்க்கலாம் என்பது நன்னூல் கருத்து. முதல்நூலுக்குப் பின்னே வந்தது என்பதற்காக வழிநூலை எவரும் கழிவென்று இகழ்ந்ததில்லை. சேலை முதல்நூல் என்றால் அதன் பட்டை வழிநூல்தானே? சேலையின் முடிபை ஒத்து நிறத்தையும் பூவையும் காக்கிறது. பின்னுபவள் வேண்டும் வேறுபாட்டையும் ஏற்கிறது. பாலியஸ்டர் கலந்த ஆலை நூலைச் சார்புநூல் என்று விட்டுவிடலாம், ஆலைக்காரர்கள் வருந்தமாட்டார்கள்.

புலமைக்குரிய சொல்லைக் கால்மிதிக்குத் தருவதா என்று முதிய புலவர்கள் முகம் சுளிக்கலாம். புலவனுக்கு உவமை வேண்டியிருந்தபோது நூற்கும் பெண்ணிடமிருந்து பஞ்சையும் கதிரையும் இழையையும் தயங்காமல் எடுத்துக்கொண்டோம். அவளிடம் இசைவு கேட்கவில்லை. ஒரு சொல்லைத் திருப்பிக் கொடுப்பதில் இவ்வளவு தயக்கம் எதற்கு?

இச்சொல் அவையின் ஆய்வுக்கு வைக்கப்படுகிறது. வட்டத்தின் அடுத்த கூட்டத்திற்குள் கவிஞர் எவரேனும் இதனினும் பொருத்தமான பெயரைக் கொணர்ந்தால், 'வழிநூல்' மறுப்பின்றி விலகிக்கொள்ளும். அப்படிப் பெயர் தேடுவோர், அதற்கு முன் ஒரு பழஞ்சேலையையாவது தம் கையால் கிழித்துப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்பது மட்டும் வேண்டுகோள். கரையை முதலில் வெட்டிவிடுங்கள்.