யாரும் பார்க்காத வெட்டு



வேலை ஒழுங்கைப் பற்றி நான் பயிற்சிக் கல்லூரியில் படித்ததைவிட, பால்மரம் வெட்டிய என் தாயாரிடம் கற்றதே அதிகம். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையுமே என்று விடியுமுன் பெரட்டுக்குப் போய்விடுவார். பட்டையைச் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான் சீவுவார். உளி ஆழமாய் இறங்கினால் மரத்துக்குக் காயம். அன்றைக்கு அது கங்காணி கண்ணில் படாமலும் போகலாம். ஆனால் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாய் வளரும். பல வருஷம் கழித்து அங்கே வெட்ட வருகிறவர் திண்டாடுவார்.

ஒருநாள் கைதவறிக் காயம் பட்டது. அம்மா தாமே போய்க் கங்காணியிடம் சொன்னார். "யாரும் பாக்கலியே, ஏம்மா சொன்னே?" என்றேன். "நாளைக்கு நீ வெட்டப்போற மரமா இருந்தா?" என்றார்.

நான் மரம் வெட்டப் போகவில்லை. நோட்டுப் புத்தகம் திருத்துகிறேன். சென்ற வாரம் இரவு 11 மணிக்குக் கண் சொக்கியபோது, இரண்டு நோட்டுக்குப் படிக்காமலே 'சரி' போட்டுவிட்டேன். மறுநாள் அந்தப் பிள்ளைகளிடம் திரும்ப வாங்கித் திருத்தினேன்.