வாயினுள் ஓடும் இரத்தக் குழாய்கள்



கண்ணாடி முன் நின்று நாக்கை மேலே மடித்துப் பாருங்கள். அடியில் நீலநிறச் சிரைகள் தெரியும். சிலருக்கு அவை மெல்லிய கோடுகள்; சிலருக்குத் தடித்து வளைந்தவை. முதுமையில் புடைத்தும் காணப்படும். பெரும்பாலும் அதனால் தீங்கில்லை.

உள்ளே வேறுபாடு இன்னும் மிகுதி. நாக்கிற்கும் முகத்திற்கும் செல்லும் தமனிகள் பெரும்பாலோர்க்குத் தனித்தனியே கிளைக்கின்றன. சிலர்க்கு ஒரே அடியிலிருந்து பிரிகின்றன. வாயின் அடித்தளத்திற்குச் சிலர்க்கு நாக்குத் தமனியின் கிளை குருதி தருகிறது. வேறு சிலர்க்கு முகத் தமனியின் கிளை அப்பணியை ஏற்கிறது. ஒருவர்க்கே இடமும் வலமும் ஒத்திராமையும் உண்டு. ஆதலால் கீழ்த்தாடையில் அறுவை செய்யும் மருத்துவர், நூலிலுள்ள படத்தை மட்டும் நம்பாமல் எதிரில் இருப்பவரையே ஆராய்கிறார்.

இவ்வேறுபாடுகளில் உயர்வு தாழ்வு ஏது? எவ்வழியே வந்தாலும் குருதி தன் கடமையைச் செய்கிறது.

நம் முன்னோரின் நிழலையும் தீட்டென்றவர்கள் எந்த உடலையும் ஆராய்ந்து சொன்னவர்கள் அல்லர். ஆராய்ந்தவர்கள் வேறு. 1628-இல் ஹார்வி இரத்தம் உடலில் சுற்றி வருவதை விளக்கினார். தமனியையும் சிரையையும் இணைக்கும் தந்துகிகளை 1661-இல் மால்பிகி தவளையின் நுரையீரலில் நுண்ணோக்கி வழியே கண்டார்.

இளைஞர்களே! பிறர் சொல்லை அப்படியே ஏற்காமல், கண்டு தெளியும் கல்வியைக் கற்பீராக. உங்களுள் சிலரேனும் மருத்துவராகி, எல்லோர் வாயையும் வேற்றுமை பாராது தொட்டுப் பார்த்து நோய் தீர்ப்பீராக.