வீதியின் நினைவைக் காப்பதும் அறப்பணியே

(இளைஞர் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"இசை, உடை, வீதி, மரபு: இளையோர் பார்வையில் நம் நகரம்" என்னும் தலைப்பில் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். நான் கலைஞன் அல்லன். பள்ளியில் சரித்திரம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆகவே ஒரு சரித்திர ஆசிரியனின் கவலையையும், அவனுடைய ஆசையையும் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இன்று குயின் ஸ்திரீட்டில் பத்து நிமிடம் நின்றால் போதும். பூக்கடையைப் படம் பிடிக்கும் ஒரு பெண்; பாட்டுக் கடையின் ஓசையைப் பதிவு செய்யும் ஓர் இளைஞன்; சேலைக் கடை வாசலில் உட்கார்ந்து கோட்டோவியம் தீட்டும் மாணவர்கள் என எத்தனையோ பேரைக் காணலாம். பெரியவர்கள் சிலர் என்னிடம் சலித்துக்கொள்வதுண்டு. "இவர்கள் சாமி கும்பிட வருகிறார்களா, படம் எடுக்க வருகிறார்களா?" என்று கேட்கிறார்கள். நான் அவர்களுக்குச் சொல்லும் பதில் இதுதான்: "ஐயா, அவர்களை விரட்டாதீர்கள். அருகில் அழைத்து உட்கார வையுங்கள். உங்களிடம் இருப்பதை அவர்கள்தாம் நாளைக்குக் கொண்டு செல்லப் போகிறார்கள்."

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு நம் நகரத்தின் கதையே சான்று. 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் இத்தீவில் குடியேற்றம் அமைத்த காலத்திலிருந்தே நம்மவர்கள் இங்கே இருக்கிறார்கள். குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயம் 1833ஆம் ஆண்டில் எழுந்தது. மார்க்கெட் ஸ்திரீட்டை நம் முன்னோர் "கடைத்தெரு" என்றே அழைத்தார்கள். பினாங்கு ஸ்திரீட்டிலுள்ள நகரத்தார் கோயில் வீட்டிலிருந்துதான் 1894ஆம் ஆண்டைச் சேர்ந்த வெள்ளி ரதம் தைப்பூசத்திற்கு முதல் நாள் தண்ணீர்மலைக்குப் புறப்படுகிறது. இந்தப் பழைய நகரம் 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மலாக்காவுடன் சேர்த்து யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. நடுப்பகுதி சுமார் 109 ஹெக்டர். அதைச் சுற்றியுள்ள காப்புப் பகுதி சுமார் 150 ஹெக்டர். நமக்கெல்லாம் பெருமைதான். ஐயமில்லை.

ஆனால் அந்தப் பெருமை வருவதற்கு முன்பே நாம் ஒன்றை இழக்கத் தொடங்கிவிட்டோம். 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்கு 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாதுகாப்பு அளித்துவந்தது. குறைந்த வாடகையில் பூக்கட்டுபவரும், பொற்கொல்லரும், தையற்காரரும், மூட்டை தூக்குபவரும் நகரின் நடுவிலேயே வாழ முடிந்தது. அச்சட்டத்தை நீக்கும் சட்டம் 1997இல் வந்தது. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொடங்கி வாடகை வீட்டுக்காரர் விருப்பம் என்றாயிற்று. பல குடும்பங்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு அடுக்குமாடி வீடுகளுக்குப் போயின. கட்டடங்களுக்குப் பட்டம் கிடைத்த 2008இல், அவற்றுக்கு உயிர் கொடுத்தவர்களில் பலர் அங்கே இல்லை!

அக்காலத்தில் வீடு காலி செய்த ஒரு குடும்பத்தை நான் அறிவேன். கட்டில், பீரோ எல்லாம் வண்டியில் ஏறின. பரணில் இருந்த ஒரு தகரப் பெட்டி மட்டும் குப்பைத் தொட்டிக்குப் போயிற்று. அதற்குள் என்ன இருந்தது தெரியுமா? கல்யாணப் பத்திரிகைகள், திருவிழா நோட்டீசுகள், ஸ்டூடியோவில் எடுத்த படங்கள். யாரையும் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. புது வீட்டில் இடம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெட்டியோடு ஒரு வீதியின் அறுபது ஆண்டு நினைவும் போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு மருத்துவரை நன்றியோடு நினைவுகூர வேண்டும். டாக்டர் ஊய் செங் கீ அவர்கள் நம் இனத்தவர் அல்லர், சீனர். 1979ஆம் ஆண்டில் அவர் கேமராவுடன் நம் குட்டி இந்தியாவில் நடந்து, அங்குள்ள மனிதர்களைப் படம் பிடித்தார். அப்போது அதை யாரும் பெரிதாக எண்ணியிருக்க மாட்டார்கள். அந்தப் படங்கள் 2011ஆம் ஆண்டில்தான் நூலாக வெளிவந்தன. இடையில் கழிந்தவை 32 ஆண்டுகள். அதற்குள் ஒரு தலைமுறையே மாறிவிட்டது. அன்று சாதாரணமாகத் தோன்றிய முகங்கள் இன்று நமக்குக் கிடைத்தற்கரிய செல்வமாகிவிட்டன. பதிவு செய்வதன் பயன் உடனே தெரியாது. விதைப்பவர் ஒருவர், நிழலில் இளைப்பாறுபவர் வேறொருவர். நம் அறக்கொடைகளும் அப்படித்தானே?

இளையோருக்கு வழிகாட்டிய இன்னொரு முயற்சியும் நம் ஊரிலேயே நடந்தது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த ஜேனட் பிள்ளை அவர்களும் அவருடைய நண்பர்களும் 1999ஆம் ஆண்டில் தொடங்கிய ஆர்ட்ஸ்-எட் இயக்கம், பள்ளிப் பிள்ளைகளைப் பழைய நகரத்து வீதிகளுக்கு அழைத்துச் சென்றது. பிள்ளைகள் கைவினைஞர்களிடம் கேள்வி கேட்டார்கள். கேட்டதை நாடகமாகவும் ஓவியமாகவும் எழுத்தாகவும் படைத்தார்கள். இத்தகைய பணியை எவ்வாறு செய்வது என்பதை ஜேனட் பிள்ளை 2013இல் ஒரு நூலாகவே எழுதியிருக்கிறார். அதன் பிறகு வந்தவர்களும் பலர். 2013இல் ஒப்ஸ்குரா என்னும் புகைப்பட விழா இங்கே தொடங்கியது. 2014இல் ஹின் பேருந்துப் பணிமனை கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. ஆக, இளைஞர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை.

இசைக்கு வருவோம். பார்சி நாடகக் குழுக்களின் ஆட்டத்தைக் கண்டு எழுந்ததுதான் மலாய் பங்சாவான் நாடகம். அதற்கு 1885இல் குழு அமைத்தவர் மாமாக் புஷி. அமைத்த இடம் நம் பினாங்கு. இத்தீவில் பிறந்த பி. ரம்லி முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்தது 1950ஆம் ஆண்டுப் படத்தில். அதை இயக்கியவர் நம்மவரான எல். கிருஷ்ணன். படத்தின் பெயர் "பக்தி". மலாய் மொழியில் அச்சொல்லுக்குத் தொண்டு என்பது பொருள். நாம் தெய்வத்தின்மேல் வைத்த சொல்லை அவர்கள் மனிதத் தொண்டின்மேல் வைத்தார்கள். எவ்வளவு அழகு பாருங்கள்! பினாங்கின் மெல்லிசை வரலாற்றைப் பால் அகஸ்டின், ஜேம்ஸ் லோக்ஹெட் ஆகிய இருவரும் தேடித் தொகுத்து 2015இல் நூலாக்கினார்கள். 2016இல் கொம்தாரில் அதற்கென ஓர் இசைக் காட்சியகமே திறக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது என் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது. நம் ஆலயங்களில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் யார் யார்? எந்த ஆண்டில் எந்த ஊரிலிருந்து வந்தார்கள்? சீவாளி கிழிந்துபோனால் யார் செய்து கொடுத்தார்கள்? தைப்பூசத்தில் நம் இளைஞர்கள் உருமி மேளம் கொட்டுகிறார்கள். வளைந்த குச்சியைத் தோலில் தேய்த்து அந்த உறுமல் ஓசையை எழுப்பும் பக்குவத்தை அவர்களுக்குக் கற்றுத் தந்தவர் யார்? இவற்றை யாராவது எழுதி வைத்திருக்கிறோமா? மெல்லிசைக்காரர்களுக்குக் கிடைத்த மரியாதை நம் மேளக்காரர்களுக்கும் கிடைக்க வேண்டாமா?

உடையும் அப்படியே. உருமிக் குழுவினர் தங்கள் பெயர் பொறித்த சட்டை அணிந்து வருவது சிலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் நூறாண்டு கழித்து வருகிறவனுக்கு அந்தச் சட்டையும் சரித்திரமே. நகரத்தாரின் வெள்ளை வேட்டி, காவடி எடுப்போரின் மஞ்சள் ஆடை, தேங்காய் உடைக்க வரும் சீன அன்பர்களின் உடை எல்லாம் சேர்ந்ததுதான் நம் தைப்பூசம்.

இப்போது இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2012இல் எர்னஸ்ட் சகாரெவிச் என்னும் லித்துவேனிய ஓவியர் ஆர்மேனியன் ஸ்திரீட் சுவரில், சைக்கிளில் செல்லும் இரு குழந்தைகளை வரைந்தார். உலகமே வந்து பார்த்தது. நல்லதுதான். ஆனால் சுவர்ச் சித்திரத்தின் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்வது போலவே, உயிருள்ள மனிதரையும் பின்னணியாக வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். இது தகுமா? பூக்கட்டும் பாட்டி திரைச்சீலை அல்லர். படம் எடுக்குமுன் அவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். "பாட்டி, இந்தச் சரத்துக்கு என்ன பேர்? யாரிடம் கத்துக்கிட்டீங்க?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதில் உங்கள் படத்தைவிட உயர்ந்தது.

படத்தோடு நான்கு செய்திகளை எழுதி வையுங்கள்: யார், எங்கே, எந்த நாள், என்ன செய்கிறார். அவர் அனுமதி தந்தாரா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் பயன்படுத்தும் சொல்லை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். கைப்பேசியில் மட்டும் வைத்தால் கைப்பேசியோடு போய்விடும். மூன்று இடங்களில் பிரதி வையுங்கள். ஒரு பிரதியைப் படத்தில் இருப்பவருக்கே கொடுங்கள். கருவறை முன்பும், துக்கத்திலோ அருள் வந்தோ இருப்பவர் முன்பும் கேமராவைத் தாழ்த்துங்கள். எடுக்காமல் விட்ட படத்துக்கும் ஒரு புண்ணியம் உண்டு.

நன்கொடையாளப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்றொருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பெரும் பணக்காரர் அல்லர். மற்றவர்கள் கழித்துவிட்ட பழைய புத்தகங்கள், நாடக நோட்டீசுகள், கல்யாணப் பத்திரிகைகள் ஆகியவற்றை வாழ்நாளெல்லாம் சேர்த்தார். அவர் மறைந்த பின் சிக்காகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆய்வு நூலகம் ஏற்பட்டது. இன்று தமிழை ஆராய்வோர் அதை நாடிச் செல்கிறார்கள். குப்பைக்குப் போக வேண்டிய நோட்டீசுகள்தாம் அங்கே வரலாறாக வாழ்கின்றன.

அந்த ஊரோடு நம் பினாங்குக்கு எத்தனை தலைமுறை உறவு! அங்கே ஒரு தனிமனிதர் செய்ததை இங்கே நாம் அனைவரும் சேர்ந்து செய்ய முடியாதா? கோபுரத்துக்கும் அன்னதானத்துக்கும் கொடுக்கும் கைகள் ஓய வேண்டாம். அவற்றோடு, உங்கள் வீட்டுப் பரணில் இருக்கும் ஆல்பத்தையும் ஒருமுறை இறக்குங்கள். பழைய கும்பாபிஷேக மலர், தாத்தாவின் கடைப் படம், தேர் இழுத்த நாளின் படம் எதுவானாலும் சரி. அசலைத் தர வேண்டாம். பேரப் பிள்ளைகளை அழைத்துப் பிரதி எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன், படத்தில் இருப்பவர்களின் பெயர்களை நீங்களே சொல்லி எழுத வையுங்கள். பெயர் தெரிந்த கடைசி மனிதர் நீங்களாக இருக்கலாம்.

இளைஞனிடம் கருவி இருக்கிறது. பெரியவரிடம் நினைவு இருக்கிறது. இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார வேண்டும். அந்தத் திண்ணையை அமைத்துக் கொடுப்பதும் ஆலயங்களின் கடமையே. வரும் திருவிழாவில் ஒவ்வோர் ஆலயமும் ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் ஒதுக்கி, பழைய படங்களைக் கொண்டுவரும் குடும்பங்களை வரவேற்று, அவர்கள் சொல்வதை இளைஞர்கள் எழுதிக்கொள்ள ஏற்பாடு செய்யுமானால், ஆகும் செலவு மிகச் சொற்பம். கிடைக்கும் பலனோ தலைமுறைக்கும் நிற்பது.